ஏழாம் மனையின் வேப்பமரம்

என் கைப்பேசியில் எண்ணூறு எண்களுக்கு மேல் இருக்கும். ஒன்றில்கூட ஆளின் பெயர் இருக்காது. ‘மயிலம் ரோடு கார்னர்’, ‘ஜக்காம்பேட்டை ரெட்டை மாடி’, ‘விழுப்புரம் கிழக்கு வாசல்’ என்று இடத்தின் பெயரில்தான் மனிதர்களைப் பதிந்து வைத்திருக்கிறேன். திண்டிவனத்தில் மனை புரோக்கர்கள் பாதிப் பேர் அப்படித்தான். ஆளை மறந்தாலும் இடத்தை மறக்க மாட்டோம். போன் அடித்தால் ஏதோ ஒரு காலி மனை கூப்பிடுவதுபோல இருக்கும்.

மனைவி போன பிறகு என் அறைக்குள் பேச்சுக் குரல் என்று வருவது அந்தப் போன் வழியாகத்தான். பிள்ளைகள் இல்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாடியில் வாடகைக்கு ஓர் அறை. ஊருக்கெல்லாம் வீடு பார்த்துக் கொடுக்கிறவருக்குச் சொந்த வீடு இல்லையா என்று கேட்பார்கள். கேட்கிற தொனியைப் பொறுத்துச் சிலரிடம் சண்டைக்கே போயிருக்கிறேன். எனக்குக் கோபம் சட்டென்று வரும். அதை இறக்கி வைக்க வீட்டில் ஆள் இல்லாததால் தெருவில்தான் இறக்க வேண்டியிருக்கிறது.

தொழிலில் எனக்கு ஒரு பெருமை உண்டு. மற்றவர்கள் பத்திரம் பதிந்த அன்று சாயங்காலமே பார்ட்டியை மறந்துவிடுவார்கள். நான் மறக்க மாட்டேன். பத்திரம் முடிந்த மறுநாள்தான் நம் வேலையே ஆரம்பம் என்று டீக்கடையில் உட்கார்ந்து மற்ற புரோக்கர்களுக்குப் பாடம் எடுப்பேன். பொங்கலுக்கு வாழ்த்துச் சொல்வேன், மழைக்கு முன்னால் மனையைப் போய்ப் பார்ப்பேன், வில்லங்கச் சான்று போட்டுக் கொடுப்பேன். ஒருமுறை என்னிடம் வாங்கியவர் தன் மச்சானையும் பங்காளியையும் என்னிடம்தான் அழைத்து வருவார். டீக்கடையில் மற்ற புரோக்கர்கள் உட்கார்ந்து என் பாடத்தைக் கேட்டதற்குக் காரணம் டீக்காசை நான் கொடுத்ததுதான் என்று பின்னால் தெரிந்தது. அது போகட்டும்.

என் பாடத்துக்கு நான் எப்போதும் காட்டுகிற உதாரணம் கோட்டக்குப்பத்துக்காரர் ஒருவர். வளைகுடாவில் டிரைவர். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், விடுமுறையில் வந்தபோது, மயிலம் ரோட்டில் புதிதாக மனை பிரித்துப் போட்ட ஒரு நகரில் இடம் வாங்கினார். வரிசைக்கு எட்டு மனை. அவருடையது நுழைவாயில் வளைவிலிருந்து ஆறாவது. கொளுத்துகிற வெயிலில் ஐந்து நிமிஷம் நின்று பார்த்தார். பத்திரம் பதிந்தார். விமானம் ஏறுவதற்கு முன் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அண்ணே, நான் ஊர்ல இருக்க மாட்டேன். நீங்கதான் பாத்துக்கணும்” என்றார்.

பார்த்துக்கொண்டேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போவேன். சீமைக்கருவேலத்தை வெட்டித் தள்ளுவேன். நாலு மூலைக் கல்லுக்கும் சுண்ணாம்பு அடிப்பேன். நின்ற இடத்திலேயே போட்டோ எடுத்து அனுப்புவேன். அவருக்கு வெள்ளிக்கிழமைதான் ஓய்வு. அன்று மத்தியானம் குரல் செய்தி வரும். மனையைப் பற்றி ஒரு வார்த்தை, பிறகு ஊர் மழை, அவருடைய முதலாளி, பிள்ளைகளின் படிப்பு. எப்போதும் முதல் கேள்வி, சாப்பிட்டீங்களாண்ணே என்பதுதான். இன்னும் இல்லை என்று சொன்னால் இன்னொரு செய்தி வரும், ஏன் சாப்பிடவில்லை என்று. அந்த இன்னொரு செய்திக்காக வெள்ளிக்கிழமைகளில் சாப்பாட்டை மூன்று மணிவரை தள்ளிப்போட்டிருக்கிறேன். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

மூன்றாவது வருஷம் மூலையில் ஒரு வேப்பங்கன்று வைக்கச் சொன்னார். தான் ஊருக்கு வருவதற்குள் நிழல் வந்துவிடும் என்றார். வைத்தேன். இரண்டு கோடைக்கு வண்டியில் கேன் கட்டித் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றினேன். ஆடு கடிக்காமல் முள் அடைத்தேன். மரம் என் இடுப்புயரம் வந்தது, தோளுயரம் வந்தது, பிறகு அண்ணாந்து பார்க்கும்படி ஆனது. எல்லாம் போட்டோவாக அவருக்குப் போனது. அங்கே தன் அறையில் தங்கியிருந்த பத்துப் பேருக்கும் அந்த மரத்தைத் தெரியும் என்பார். பிள்ளைகள் அதற்கு, அப்பாவைக் கூப்பிடுகிற வார்த்தையால், ‘அத்தா மரம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். சில பங்குனிகளில் மரத்தில் மஞ்சள் துணி கட்டியிருக்கும். மயிலம் முருகன் கோயிலுக்குப் பங்குனி உத்திரத்துக்கு நடந்து போகிற யாரோ கட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நினைத்து, போட்டோ எடுப்பதற்கு முன் அதை அறுத்துப் போட்டுவிடுவேன். முஸ்லிம் வீட்டுக்குப் போகிற படம், எதற்கு என்றுதான்.

போன வருஷம் அவர் ஒரேயடியாக ஊருக்கு வருவதாகச் சொன்னார். வந்ததும் வீடு கட்ட வேண்டும், பிளான் அப்ரூவலுக்கு இப்போதே ஏற்பாடு செய்யுங்கள் என்றார். நான் ஒரு சர்வேயரை அழைத்துக்கொண்டு போனேன். அவர் டேப்பைப் பிடித்தார், வரைபடத்தைப் பார்த்தார், மறுபடி டேப்பைப் பிடித்தார். பிறகு மரத்தடியில் வந்து நின்று, இது ஏழாம் மனை, உங்கள் ஆளுடையது ஆறு, பக்கத்தில் இருக்கிறது என்றார்.

நான் சத்தம் போட்டேன். பன்னிரண்டு வருஷமாக வந்து போகிற இடத்தை எனக்கே காட்டுகிறாயா என்று கேட்டேன். சர்வேயர் பொறுமைசாலி. வளைவுவரை என்னை நடத்திக் கூட்டிப்போய்க் காட்டினார். பத்திரம் முடிந்த மறுமாதமே, நான் முதல் தடவை முள் வெட்டப் போவதற்கு முன்பு, நெடுஞ்சாலைக்காரர்கள் சாலையை அகலப்படுத்தியபோது நகர் போட்டவர் வரிசையின் முதல் மனையைச் சாலைக்கு விட்டுக்கொடுத்து, வளைவை உள்ளே தள்ளிக் கட்டிவிட்டார். எனக்கும் அது தெரியும். தெரிந்தும் வளைவிலிருந்து ஆறு எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறேன். கல்லில் எழுதியிருந்த எண் முதல் மழையிலேயே போய்விட்டது. மீதி இருந்த தடத்தின்மேல் நானே சுண்ணாம்பு அடித்துவிட்டேன். வரைபடத்தை எடுத்துப் பார்க்கிற பழக்கம் எனக்கு இல்லை. என் காலே எனக்கு டேப் என்று பீற்றிக்கொள்கிறவன் நான்.

சர்வேயர் போன பிறகு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் உண்மையான ஆறாம் மனை ஆள் நுழைய முடியாதபடி முள்ளாகக் கிடந்தது. நிலம் எங்கும் போகவில்லை, யாரும் ஆக்கிரமிக்கவில்லை, ஒருவிதத்தில் நஷ்டமே இல்லை. ஆனால் அந்த வெள்ளிக்கிழமைக் குரல் நின்றுபோகும் என்பது ஒன்றுதான் என் பயம். இந்தத் தொழிலில் நான் சம்பாதித்தது அது ஒன்றுதான் என்று அன்றைக்குப் பட்டது.

ஏழாம் மனை யாருடையது என்று அறைக்கு வந்து பழைய நோட்டைப் புரட்டினேன். என் கையெழுத்திலேயே இருந்தது: விழுப்புரம், ஹாஸ்டல் சமையல் அம்மா. அதே மாதம் நானே விற்றது. அரசு மாணவர் விடுதியில் சமையல் வேலை செய்து ஓய்வுபெற்றவர், தனியாக இருப்பவர், ஓய்வுப் பணத்தில் வாங்கினார் என்பது மெதுவாக நினைவுக்கு வந்தது. முகம் வரவில்லை. பத்திரம் பதிந்த நாளுக்குப் பிறகு அவருக்கு நான் ஒரு போன்கூடச் செய்ததில்லை. கோட்டக்குப்பத்துக்காரர் எனக்கு ஒன்பது பேரைக் கூட்டிவந்தார். மனை வாங்க என்னிடம் அழைத்துவர அந்தம்மாவுக்குப் பணக்கார உறவு யாரும் இல்லை. பாடம் எடுக்கும்போது டீக்கடையில் நான் சொல்லாத பகுதி இதுதான்.

கோட்டக்குப்பத்துக்காரரிடம் உண்மையைச் சொன்னேன். குரல் செய்தியில் மூன்று தடவை சொல்லி மூன்று தடவை அழித்துவிட்டு, கடைசியில் போனே போட்டேன். பிள்ளைகளிடம் என்ன சொல்வது என்றார். திட்டியிருக்கலாம், திட்டவில்லை. பிறகு, “அண்ணே, அந்த மரத்த பக்கத்துல வுட்டுட்டு நான் எப்படி வூடு கட்டுவேன்? அந்தம்மா மாத்திக்குவாங்களான்னு கேளுங்களேன்” என்றார். இரண்டும் ஒரே அளவு, ஒரே வரிசை. பரிவர்த்தனைப் பத்திரம் ஒன்று போட்டால் தீர்ந்தது. அவர் இன்னும் என்னை அண்ணே என்று கூப்பிட்டதில் எனக்கு உயிர் வந்தது. அதற்காக யாரை வேண்டுமானாலும் சரிக்கட்டத் தயாராகிவிட்டேன்.

விழுப்புரத்துக்குப் பஸ் ஏறும்போதே ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டேன். உங்கள் மனைக்குத் தெருக்குத்து தோஷம் விழுகிறது, பக்கத்து மனைதான் ராசி, உங்களுக்காகப் பேசி மாற்றித் தருகிறேன் என்பது அந்தப் பொய். எங்கள் தொழிலில் இது ரொம்பச் சாதாரணம். கேட்பவர் நன்றியும் சொல்லி, கையெழுத்தும் போட்டுவிடுவார்.

ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்பக்கம் ஒரு சந்தில் சிமெண்ட் ஷீட் போட்ட வீடு. நான் யாரென்று சொல்வதற்கு முன்பே அந்தம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டார். “வாங்க தம்பி. வருஷா வருஷம் உங்கள நெனைச்சிக்கினுதான் இருக்கேன்” என்றார். நாற்காலியைத் துடைத்துப் போட்டார். எதிர்வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு, இவர்தான் நான் சொன்ன அந்தத் தம்பி என்று காட்டினார். அந்தப் பெண் கை கும்பிட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அவரே சொன்னார். பங்குனி உத்திரத்துக்கு மயிலம் போகிறபோதெல்லாம் தன் மனையைப் பார்த்துவிட்டு வருவாராம். வரிசையின் அந்தக் கோடியில் இருக்கிற தண்ணீர்த் தொட்டியிலிருந்து இரண்டாவது என்று எண்ணி வைத்திருந்தார். படித்த சர்வேயரைத் தவிர அந்த வரிசையைச் சரியாக எண்ணியவர் அவர் ஒருவர்தான். உத்திரத்தன்று சாலையில் கூட்டம் நெரியும் என்று நான் அந்தப் பக்கமே தலைகாட்ட மாட்டேன். அதனால் ஒரு தடவைகூட நாங்கள் சந்தித்துக்கொள்ளவில்லை.

சுற்றிலும் எல்லா மனையும் முள்ளாகக் கிடக்க, தன்னுடையது மட்டும் சுத்தமாக, கல்லெல்லாம் வெள்ளையாக இருந்ததைப் பார்த்து முதலில் பயந்துவிட்டாராம், யாரோ வளைத்துப் போடுகிறார்கள் என்று. அங்கே கடலை பிடுங்கிக்கொண்டிருந்த ஒருவரை விசாரித்திருக்கிறார். புரோக்கர் வந்து செய்துவிட்டுப் போகிறார் என்று அவர் சொல்லியிருக்கிறார். அடுத்து ஒரு வருஷம் போனால் மரம் வைத்திருக்கிறது. அன்றிலிருந்து வருஷாவருஷம் மஞ்சள் துணி வாங்கிப்போய்க் கட்டி, அதன் நிழலில் உட்கார்ந்து, கொண்டுபோன சோற்றைச் சாப்பிட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுவாராம். தங்கள் வீட்டிலேயே முதன்முதலில் மண் என்று வாங்கியது தான்தான் என்றார். அவருடைய அப்பா, அவருக்கு அப்பா எல்லாரும் மற்றவர் நிலத்தில் வேலை செய்தவர்கள். போன் செய்து நன்றி சொல்ல நினைத்தாராம். சொன்னால், செய்ததற்குக் கூலி கொடுக்கப் பார்க்கிறார் என்று நான் சங்கடப்படுவேனோ என யோசித்து, நேரில் பார்க்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என விட்டுவிட்டாராம்.

சாப்பிடாமல் போகக்கூடாது என்று பிடித்து உட்கார வைத்தார். கத்திரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு, வேர்க்கடலையை அரைத்த மல்லாட்டைத் துவையல். நூறு பிள்ளைகளுக்குச் சமைத்த கை, அளவு தெரியாமல் வைத்துக்கொண்டே இருந்தது. என் மனைவி இறந்த பிறகு, எனக்காகவே ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பரிமாற நான் சாப்பிட்டது அன்றுதான். ஆறு வருஷம் இருக்கும். கண்ணில் நீர் வந்தது. கருவாட்டுக் காரம் என்று சொல்லிக்கொண்டேன். எனக்குத் தெரியாமல் இந்த ஊரில் ஒரு வீட்டில் என்னைப் பற்றி நல்ல விதமாகப் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அது தெரியாமல் திண்டிவனத்தில் மாடி அறையில் ஒரு போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பொய் வாய்க்குள்தான் இருந்தது. சாப்பாடு முடிந்ததும் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். தெருக்குத்து என்றால் அவர் நம்புவார். நான் என்ன சொன்னாலும் நம்புவார். அதற்குள் அவர் கேட்டுவிட்டார்.

“எதுக்கு தம்பி எனக்கு இவ்ளோ பண்றீங்க? நான் யாரு உங்களுக்கு?”

அவர் கேட்காமல் இருந்திருந்தால் பொய்யைச் சொல்லிவிட்டு வந்திருப்பேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முகத்துக்கு நேராக அப்படிக் கேட்டபோது என்னால் முடியவில்லை. வளைவு உள்ளே போனது, நான் எண்ணியது, கோட்டக்குப்பத்துக்காரர், போட்டோ எல்லாவற்றையும் சொன்னேன். எச்சில் கையோடு சொன்னேன். மஞ்சள் துணியை அறுத்துப் போட்டதை மட்டும் சொல்லவில்லை.

அவர் குழம்புச் சட்டியை மூடினார். பிறகு, “அப்ப அது எனக்கோசரம் வெச்சது இல்லியா?” என்றார். என்னிடம் கேட்டதுபோல இல்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மாற்றிக்கொள்வதைப் பற்றி நான் வாயைத் திறக்கவே இல்லை. அவரே, அந்த ஆளுக்கென்று வைத்தது அந்த ஆளுக்கே போகட்டும், பத்திரத்துக்கு எப்போது வரவேண்டும் என்று போன் செய்யுங்கள் என்றார். ஒரு பேரமும் இல்லை, ஒரு கேள்வியும் இல்லை. இத்தனை வருஷத் தொழிலில் இவ்வளவு சுலபமாக ஒரு பேச்சுவார்த்தை முடிந்ததில்லை. வாசல்வரை வந்தார். எதிர்வீட்டுப் பெண் சிரித்தார். அந்தம்மா அவரைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.

கோட்டக்குப்பத்துக்காரர் வந்து இறங்கிய மறுவாரமே பத்திரப்பதிவு அலுவலகத்தில் வேலை முடிந்தது. என்னைக் கட்டிப்பிடித்தார். பேரீச்சம்பழமும் அத்தரும் கொண்டுவந்திருந்தார். அந்தம்மாவைக் காரில் கொண்டுபோய் விடுவதாக எவ்வளவோ சொன்னார். பஸ் இருக்கிறது என்று சொல்லிவிட்டு அந்தம்மா நடந்தார். கோட்டக்குப்பத்துக்காரர் வீட்டார் நேராக மனைக்குப் போய், மரத்தடியில் குடும்பத்தோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். எடுத்தது நான்தான், அதனால் படத்தில் நான் இல்லை.

பிறகு வெள்ளிக்கிழமைகளில் போன் சும்மா கிடந்தது. தப்பு ஒன்றும் நடக்கவில்லை. ஊருக்கு வந்த ஆளுக்குத் தொழுகை, சொந்தபந்தம், வீட்டுச் சாப்பாடு எல்லாம் இருக்கின்றன. கட்டட வேலை ஆரம்பித்த பிறகு அவர் பேச வேண்டியது மேஸ்திரியோடு. வழியில் பார்த்தால் இன்றைக்கும் வண்டியை நிறுத்திப் பேசுவார், நல்ல மனிதர். தூரத்தில் இருந்தவரைக்கும்தான் அவருக்கு நான் வேண்டியிருந்தேன் என்பதை நான் முன்பே கணக்குப் போட்டிருக்க வேண்டும். இத்தனைக்கும் யாருக்கு எதுவரை என்ன வேண்டும் என்று கணக்குப் போடுவதுதான் என் தொழில்.

ஆறாம் மனையின் முள்ளை ஆள் வைக்காமல் நானே வெட்டினேன். நான்கு நாள் ஆயிற்று. டேப் வைத்து அளந்து, வரைபடத்தை விரித்துப் பார்த்து, கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்து, கறுப்புப் பெயின்ட்டில் எண்ணையும் எழுதினேன். மூலையில் ஒரு வேப்பங்கன்று வைத்தேன். பங்குனி உத்திரத்தன்று காலையிலேயே போய் அங்கே நின்றுகொண்டேன். காவடிகள் போயின, மோர்ப்பந்தலில் கூப்பிட்டுக் கூப்பிட்டு மோர் கொடுத்தார்கள். விழுப்புரத்திலிருந்து வருகிற ஒவ்வொரு பஸ்ஸையும் பார்த்தேன். சாயங்காலம்வரை அவர் வரவில்லை.

அவரிடம் இருப்பது பட்டன் போன். அதனால் கன்றை போட்டோ எடுத்து, ஸ்டூடியோவில் பிரிண்ட் போட்டு, அடுத்த வாரம் விழுப்புரத்துக்குக் கொண்டுபோனேன். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு, என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனேன். இந்த முறை பொய் எதுவும் தேவைப்படவில்லை என்பது சந்தோஷமாகவே இருந்தது.

வாங்க சார் என்றார். நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார். படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கன்று நன்றாகத் துளிர்த்திருக்கிறது என்றார். இது உங்களுக்கென்றே வைத்ததம்மா, வேறு யாருக்கும் இல்லை என்றேன். என் குரல் கெஞ்சுவதுபோல எனக்கே கேட்டது.

அவருக்கு என்மேல் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு அது தெரிந்த விஷயம், சமாளித்திருப்பேன். படத்தை அலமாரியில் சாய்த்து வைத்துவிட்டு, சாதாரணமாகத்தான் சொன்னார்.

“எனக்கோசரம் வெச்சது இல்லியான்னு நான்தான் கேட்டுட்டேனே சார். கேட்டதுக்கப்புறம் யாரா இருந்தாலும் வெப்பாங்க.”

ஆமாம்மா என்றேன். டம்ளரில் மீதி இருந்த தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்தேன்.